சுற்றறிக்கையைப் படித்த செருப்புகள்

பெருந்தொற்று வந்த இரண்டாவது வருடம், சித்திரை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், பகல் பதினொன்றரை மணிக்கு, வெள்ளவாரிப்புதூர் ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலில் வரிசை போட்டுக் கிடந்த செருப்புகள் எழுந்து, நடந்து, இடம் மாறி நின்றன. அதைப் பார்த்து ஊரில் ஒருவரும் அலறவில்லை, ஒருவரும் மயங்கி விழவில்லை, புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் வாயிலிருந்த வெற்றிலையைக்கூடத் துப்பவில்லை. ஊர் அதிர்ந்தது மூன்று நாள் கழித்து, வேறொன்றுக்காக. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் அந்த நிலையத்தில் நர்ஸ். பெயர் ஜெபமணி, தெற்கேயிருந்து மாற்றலாகி வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது, ஊருக்கு நான் சிஸ்டர். வெள்ளவாரிப்புதூர் விசைத்தறி ஊர். நாலாயிரம் பேரும் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை பெருத்தவர்கள், ஆனால் வரிசை என்று வந்துவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், ஏனென்றால் அங்கே வரிசையில் ஆள் நிற்பதில்லை, செருப்புதான் நிற்கும். ரேஷன் கடையானாலும் தண்ணீர் லாரியானாலும் வங்கியானாலும் செருப்பைக் கழற்றி வரிசையில் விட்டுவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துகொள்வார்கள், யாராவது ஒருவர் அவ்வப்போது எல்லாவற்றையும் முன்னால் தள்ளிவிட, தன் செருப்பு வாசலைத் தொட்டதும் எழுந்து வருவார்கள். அடுத்தவன் செருப்பைத் தாண்டி முன்னால் போனவனுக்கு ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள். செருப்புக்கு உடையவன் வரிசை நகர்வதற்குள் செத்தே போனாலும், அவன் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அந்த இடம் அவனுக்குத்தான் என்று சத்தியம் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை காலையில், வியாழக்கிழமை தடுப்பூசி வருகிறது, ஒரே ஒரு குப்பி, பத்துப் பேருக்கு மட்டும், அடுத்தது எப்போது என்று தெரியாது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். பத்து மணிக்குள் நானூற்றுப் பதினெட்டு ஜோடிச் செருப்புகள் வந்துவிட்டன. முதலில் பெரியதனக்காரர் சென்னியப்பனின் வார்ச்செருப்பு. பெரியதனம் என்றால் ஊருக்கு மூத்த குடும்பம். மாரியம்மன் பொங்கலில் முதல் தீர்த்தம் அவருக்கு, இரண்டாவது அவர் பங்காளிக்கு, மூன்றாவது இன்னாருக்கு என்று பூசாரி பேர் சொல்லிக் கூப்பிடுகிற வரிசை ஊருக்கே மனப்பாடம். அந்த வரிசையில்தான் செருப்புகளும் கிடந்தன.

பதினொன்றரைக்கு அவை எழுந்தன. ஓட்டமில்லை, இடியில்லை, கல்யாண வீட்டில் பந்திக்கு இடம் பிடிக்கப் போகிறவர்களின் அடக்கமான அவசரத்தோடு, சரக் சரக்கென்று ஒன்றையொன்று ஒதுங்கிப் பதினைந்து நிமிடத்தில் புது வரிசை அமைத்துக்கொண்டு நின்றுவிட்டன. வார்ச்செருப்பு முந்நூற்று ஏழாவது இடத்துக்குப் போய் நின்றது. முதலிடத்தில், வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்திய நீல ரப்பர் செருப்பு ஒன்று.

அது பூவாத்தாளுடையது. பூவாத்தாள் பேரூராட்சியில் தூய்மைப் பணியாளர், இருபத்திரண்டு வருடமாக வெளியூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து ஊரைக் கூட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸில் போகிறவள். பெரியதனக்காரர் வீட்டு வீதிக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வாள். இப்போதெல்லாம் அப்படிச் செய்யச் சொல்வார் யாருமில்லை, செய்யாதே என்று சொல்வாரும் யாருமில்லை. தொற்று வந்த பிறகு பெற்ற பிள்ளைகளே தொடப் பயந்த பிணங்களை நீல உறை மாட்டிக்கொண்டு சுடுகாட்டுக்கு எடுத்துப் போனவள் அவள்தான், அதுவரை முப்பத்தொரு பேர். நாற்பது நாளாக அவள் வீட்டுக்குப் போகவில்லை. மகள் மோகனப்பிரியா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், பிணத்தைத் தொட்ட கையோடு அவள் பக்கத்தில் போவதா என்று பயந்து குப்பை பிரிக்கிற கொட்டகையிலேயே படுத்துக்கொண்டாள். கர்ப்பிணிகளுக்கு அப்போது ஊசி கிடையாது, ஆகவே அந்தப் பெண்ணுக்கும் நோய்க்கும் நடுவே இருக்கக்கூடிய ஒரே சுவர் தாயின் கையில் ஏறப்போகும் ஊசிதான்.

"ஊசி போட்டா ஊட்டுக்குப் போலாமுங்களா சிஸ்டர்?" என்று தினமும் கேட்பாள்.

"போட்டுப் பதினாலு நாள் ஆகணும் பூவாத்தா."

"அப்பச் சரியா இருக்குமுங். புள்ளைக்குப் பேறுகால நாளு அதுக்குத்தானுங் ஆகுது."

செருப்பு நடந்ததை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், வெயிலையும் தண்ணீர்ப் பஞ்சத்தையும் எடுத்துக்கொண்ட மாதிரிதான். முதல் நாள் மாலை பெரியதனக்காரரின் ஆட்கள் வந்து மன்னிப்புக் கேட்கிற குரலில், "காத்துல நகந்துருச்சுங் போல," என்று சொல்லி எல்லாவற்றையும் பழையபடி அடுக்கினார்கள். அவர்கள் முதுகைத் திருப்பியதும் செருப்புகள் மறுபடி நடந்தன. செவ்வாய்க்கிழமை செங்கல் வைத்துப் பார்த்தார்கள், செங்கலோடு நடந்தன. நூல்காரர்கள் பாவு நூலால் கட்டினார்கள், முடிச்சை அவிழ்த்துக்கொண்டு நடந்தன. பூவாத்தாளின் செருப்பை யாரோ வாய்க்காலில் வீசினார்கள், மறுநாள் காலை ஈரம் சொட்ட முதலிடத்தில் நின்றது, அதற்கும் ஊர்க்காரர்கள் சொன்ன ஒரே குறை, தண்ணீர் ஒழுகி வரிசை வழுக்குகிறது என்பதுதான். சப் இன்ஸ்பெக்டர் வந்து லத்தியைக் குறுக்கே பிடித்தார், செருப்புகள் லத்தியைத் தாண்டின, எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று தெரியாமல் ஒரு சோடா குடித்துவிட்டுப் போனார். சிலர் செருப்புக்கு எண்ணெய் பூசினார்கள், சிலர் குங்குமம் வைத்தார்கள், புதுச் செருப்பு வாங்கி விட்டவர்களின் புதுச் செருப்பு பழைய செருப்பின் இடத்திலேயே போய் நின்றது.

அந்த வரிசைக்கு என்ன அர்த்தம் என்று மூன்று நாள் பேசினார்கள். புண்ணியம் செய்தவர்கள் முன்னால் என்றார்கள், ஆனால் நாலாவது இடத்தில் ஊரையே வாயால் கெடுக்கும், பாவு ஓட்டுகிற வார்ப்பிங் பழனாள் இருந்தாள். வயதானவர்கள் முன்னால் என்றார்கள், ஐந்தாவதாக முப்பது வயது டயாலிசிஸ் பையன் இருந்தான். எனக்கு மட்டும் அர்த்தம் தெரிந்தது. யாருக்கு முதலில் போட வேண்டும் என்று அரசாங்கம் முப்பது பக்கத்துக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது: நோயாளியையும் பிணத்தையும் தொடுகிறவர்கள், அதற்குப் பிறகு சர்க்கரை, இரைப்பு, சிறுநீரகக் கோளாறு என்று உடம்பு நைந்தவர்கள், பிறகு வயதானவர்கள். என் போன்றவர்களுக்கு மாவட்ட ஆஸ்பத்திரியில் முன்பே போட்டுவிட்டார்கள். அந்தச் சுற்றறிக்கையைப் பேரூராட்சியில் யாரும் படிக்கவில்லை, எங்கள் டாக்டர்கூடப் பாதிதான் படித்தார். செருப்புகள் முழுதாகப் படித்திருந்தன.

இரண்டாவது இடத்தில் நின்றது பெரியதனக்காரரின் மனைவி நல்லம்மாளின் செருப்பு. அறுபது வயது, இருபது வருடச் சர்க்கரை, நாலு படி ஏறினால் இரைக்கும். பெரியதனக்காரருக்கோ ஐம்பத்தெட்டு, ஒரு தலைவலி மாத்திரைக்குக்கூட என்னிடம் வந்ததில்லை. அக்காளைக் கட்டியவர் என்று ஊரில் கேலி உண்டு, இரண்டு வயது மூத்தவளானாலும் கைக்குள் வைத்துக் காப்பாற்றிய மனிதர், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கு ஐஸ் பெட்டி வந்தது. முதல் பத்து ஜோடிச் செருப்பும் வாசலில், பத்து ஆளும் மரத்தடியில். எண்ணிப் பார்த்துவிட்டுப் பத்து மணிக்குக் குப்பியைத் திறந்தேன். திறந்தால் நாலு மணி நேரம், அதற்குள் பத்துப் பேருக்கும் போட்டுவிட வேண்டும், இரண்டு மணி தாண்டினால் மிச்சமிருப்பதைக் கொட்ட வேண்டியதுதான். முதல் ஊசிக்கு மருந்தை ஏற்றி, பூவாத்தாளை நாற்காலியில் உட்கார்த்தினேன்.

அப்போது தட்டு வந்தது. வெற்றிலை பாக்கு, பழம், ஒரு புதுச் சேலை. பொங்கலில் முதல் தீர்த்தக்காரர் வீட்டில் சாவுத்தீட்டு என்றால், அவர் தட்டைத் தொட்டு 'விட்டுக் கொடுத்தேன்' என்று மூன்று முறை சொல்ல, முறை அடுத்தவருக்குப் போகும். அதே வழக்கத்தை இங்கே கொண்டுவந்திருந்தார்கள். தட்டைப் பங்காளி ஏந்திக்கொண்டிருக்க, பெரியதனக்காரர் வாசற்படியில் நின்று, கோபமே இல்லாமல் பேசினார்.

"ஏம்புள்ள பூவாத்தா, செருப்பு ஏதோ தெரியாம வந்து நின்னுருச்சு, நீயும் என்ன பண்ணுவே. தட்டெத் தொட்டு உட்டுக் குடுத்தேன்னு மூணு தரம் சொல்லீரு. அடுத்த குப்பியில மொத ஊசி உனக்கு. நான் சொல்றேன்."

பூவாத்தாள் தட்டைப் பார்த்தாள். சேலையைப் பார்த்தாள், நல்ல சேலை, மாம்பழக் கலர். எழுந்து நின்று கை கூப்பினாள்.

"மாட்டேனுங் சாமி."

"என்ன?"

"மாட்டேனுங். எனக்கு வேணுமுங். நான் ஊட்டுக்குப் போகோணுமுங்."

அப்போதுதான் ஊர் அதிர்ந்தது. பங்காளி கையிலிருந்து தட்டு நழுவிப் பாக்கு படியெல்லாம் உருண்டது, மரத்தடியில் ஒரு கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், இரண்டு பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், ஆட்டோக்காரன் மைக்கை அணைக்க மறந்து "ஐயோ" என்றது நாலு தெருவுக்குக் கேட்டது, பக்கத்துத் தறிக்குடோனில் என்ன ஏதென்று தறிகளை நிறுத்த, அவர்களைப் பார்த்து அடுத்த குடோனில் நிறுத்த, தீபாவளிக்குக்கூட நிற்காத தறிகளெல்லாம் நின்று போய், அந்த ஊரில் காக்கை கத்துகிற சத்தத்தை நான் முதன்முதலாகக் கேட்டேன். செருப்பு நடந்ததற்கு வெற்றிலையைத் துப்பாத வாய்களெல்லாம் திறந்தபடி இருந்தன. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், என் வாயும்தான். ஊசி கையில் இருக்க, இவளா இப்படிப் பேசுகிறாள் என்று நானும் ஒரு கணம் மலைத்து நின்றேன். பிறகு அவள் தோளில் குத்தினேன்.

பெரியதனக்காரர் படியிறங்கி மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார்.

"அடுத்து," என்று கூப்பிட்டேன். நல்லம்மாளின் செருப்பு படியேறி உள்ளே வந்து நாற்காலிக்கு முன்னால் நின்றது. கால்கள் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன், மூன்றாம் செருப்பு வந்தது, நாலாவது வந்தது, மீதி ஒன்பது ஜோடியும் அறைக்குள் வந்து என்னை அண்ணாந்து பார்ப்பதுபோல நின்றன, ஒரு மனிதர்கூட மரத்தடியை விட்டு அசையவில்லை.

நல்லம்மாளின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். "வாங்கம்மா, நேரம் போகுது."

"எனக்கு ஆசெதானுங் சிஸ்டர்," என்றார் நல்லம்மாள், இரைத்துக்கொண்டே. "அவிய சொல்லோணுமுங்."

பெரியதனக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "மூணாவதுன்னாப் பரவால்லீங் சிஸ்டர். ரெண்டாவது ஆகாதுங்."

எனக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. முதலாவதாக அவள் போட்டுக்கொண்டாயிற்று. இரண்டாவதாக யார் உட்கார்ந்தாலும், அவளுக்கு அடுத்தவர் தான் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். மூன்றாவதாக வருவதில் கௌரவக் குறைச்சல் இல்லை, பத்தாவதுக்கும் ஆள் தயார். இரண்டாவதுக்கு மட்டும் ஆள் இல்லை.

"ரெண்டாவது எனக்கு நானே இன்னொரு தரம் போட்டுக்கிறேன்," என்றேன். "நீங்க மூணாவது. வாங்க."

"நீங்க வெளியூருங். கணக்குல வராதுங்."

"அப்ப அவளும் வெளியூருதானே! அவளும் கணக்குல வரமாட்டா. நீங்கதான் முதல். வாங்க!"

நல்ல யோசனைதான் என்று அவர்கள் முகத்தில் தெரிந்தது. கூடிப் பேசினார்கள், பத்து நிமிடம் பேசினார்கள். பங்காளி வந்து வருத்தத்தோடு சொன்னார், "செருப்பு அவளெ எண்ணிப் போட்டுதுங்களே சிஸ்டர்."

அதற்குப் பிறகு நான் மரியாதையாகப் பேசவில்லை. திட்டினேன். தெருவில் இறங்கி, யாராவது வாருங்கள், எந்த வயதானாலும் சரி, செருப்பே இல்லாவிட்டாலும் சரி, ஒன்பது பேர் வாருங்கள் என்று கத்தினேன். தறிக்காரர்கள் முதலாளி முகத்தைப் பார்த்தார்கள், முதலாளிகள் பெரியதனக்காரர் முகத்தைப் பார்த்தார்கள், பெரியதனக்காரர் தரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டயாலிசிஸ் பையன் இரண்டடி முன்னால் வந்தான், அவன் அப்பா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். டாக்டருக்குப் போன் செய்தேன், "என்ன சிஸ்டர் சொல்றீங்க, ஒருத்தர்கூடவா?" என்று அவர் மூன்று முறை கேட்டார், நான் மூன்று முறை ஆமாம் என்றேன்.

ஊசி போட்டவர்கள் அரை மணி நேரம் உட்கார வேண்டும் என்பது விதி. பூவாத்தாள் மூன்று மணி நேரமாக அந்த மூலையில் உட்கார்ந்திருந்தாள். தன்னை அடிப்பார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறாள், வேலையைப் பிடுங்குவார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறாள், இதை அவள் எதிர்பார்க்கவே இல்லை. நாற்காலியைச் சுற்றி நின்ற காலிச் செருப்புகளையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரு மணி சுமாருக்கு மெதுவாகக் கேட்டாள்:

"சிஸ்டர், போட்டதெத் திரும்ப எடுக்க முடியுமுங்களா?"

"பைத்தியமாடி உனக்கு!" என்று கத்திவிட்டேன். அவள் மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றுமில்லை. கத்துவதற்குக் கைக்கெட்டிய தூரத்தில் அவள்தான் இருந்தாள்.

இரண்டு மணி அடித்தது. குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒன்பது பேருக்கான மருந்து அரை விரற்கடை உயரம்கூட இல்லை. மஞ்சள் பையில் போட்டேன். பூவாத்தாள் எழுந்து வந்து, அது அவள் வேலை என்பதால், பையின் வாயைச் சுருக்கிக் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். செருப்புகள் ஒவ்வொன்றாகப் படியிறங்கி உடையவர்களின் காலடிக்குப் போயின, ஊர் அவற்றை மாட்டிக்கொண்டு சாப்பிடப் போயிற்று. அன்றைக்குப் பிறகு அங்கே எந்தச் செருப்பும் தானாக நடக்கவில்லை.

அடுத்த குப்பி வரவேயில்லை. சித்திரை முடிவதற்குள் அந்த ஒன்பது பேரில் நாலு பேர் போய்விட்டார்கள். டயாலிசிஸ் பையன் முதலில். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார்களா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது, தெரியாது என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. மூன்று பேரைப் பூவாத்தாள்தான் எடுத்துப் போனாள்.

பதினைந்தாம் நாள் காலை எட்டு மணிக்குக் கொட்டகைச் சாவியை என் மேஜையில் வைத்தாள். குளித்து, தலை பின்னி, துவைத்த சேலை கட்டியிருந்தாள், அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"பதினாலு முடிஞ்சுதுங் சிஸ்டர். மோகனாவுக்கு ராத்திரியே வலி கண்டிருச்சுங்களாமா. போயிட்டு வர்றேனுங்."

"ஓடு," என்றேன்.

பதினோரு மணிக்குப் பெரியதனக்காரர் வந்தார். கார் வாசலில் நின்றது, டிரைவரை விட்டுவிட்டுத் தானே ஓட்டி வந்திருந்தார். முகக்கவசம் தாடையில் தொங்கியது, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"நல்லம்மா போயிட்டாளுங்," என்றார். "பூவாத்தா எங்கீங்? போன் போட்டா எடுக்கமாட்டீங்கறா. பசங்க கிட்டப் போகமாட்டீங்கறானுங்க. வேற ஆரும் வரமாட்டீங்கறாங்க."

"அவ வீட்டுக்குப் போயிட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். மனைவி செத்த துக்கத்தையும் தாண்டி அந்த முகத்தில் ஒரு திகைப்பு ஏறியது.

"ஊட்டுக்கா?" என்றார். "அவளுக்கு ஊடு இருக்குதுங்களா?"

அவர் கேலி செய்யவில்லை. திமிராகவும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடம் தன் வாசலைக் கூட்டியவளுக்குப் போய்ச் சேர ஒரு வீடு உண்டு என்பது சத்தியமாக அவருக்குத் தோன்றியதே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று திட்டியதில் மிச்சம் வைத்ததையெல்லாம் கொட்டினேன், உங்கள் பிணத்தையெல்லாம் சுமந்தவள் ராத்திரி எங்கே போய்ப் படுப்பாள் என்று நினைத்தீர்கள், உங்களுக்கெல்லாம் மனசு என்று ஒன்று இருக்கிறதா, அவளுக்கு மகள் இருக்கிறாள், மகளுக்குப் பிரசவ வலி, அதற்காகத்தான் அன்றைக்கு மாட்டேன் என்றாள், அதுகூடவா தெரியாது என்று மூச்சு விடாமல் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு அத்தனையும் கேட்டுக்கொண்டார், பிறகு என் எதிரில் கை கூப்பினார்.

"தப்புத்தானுங் சிஸ்டர். பொணந்தூக்கக் கூப்படப் போகலீங், காருல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போகச் சொல்றேன், அந்தப் புள்ளையெ. அவ ஊடு எங்கீங்? எந்த ஊருங்?"

சொல்ல வாயைத் திறந்தேன். திறந்தபடி நின்றேன். அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினேன். சித்திரை மாதத்து வியாழக்கிழமை, ஒரே ஒரு பெயர், அதற்கு நேரே முகவரி என்ற கட்டத்தில், என் கையெழுத்தில், 'பேரூராட்சி அலுவலகம், வெள்ளவாரிப்புதூர்' என்று எழுதியிருந்தது.